மாமாவுக்கு என்ன கலர்

எங்கள் வீட்டுக் கொலுவுக்குச் சாமி கும்பிட வந்தவர்கள் குறைவு. வருகிற ஜனமெல்லாம் ரயிலைப் பார்க்கத்தான் வரும். மேலே படிப்படியாகத் தசாவதாரமும் அஷ்டலட்சுமியும் கேட்பாரற்று உட்கார்ந்திருக்க, கீழே தரையில் ஓடும் பேட்டரி ரயிலைச் சுற்றி எங்கள் பிளாக் பிள்ளைகள் மொத்தமும் குப்புறப் படுத்துக் கிடக்கும். "அம்பாளையும் கொஞ்சம் ஏறிட்டுப் பாருங்களேன், கண்ணு என்ன அவிஞ்சா போயிரும்?" என்று அம்மா அதட்டுவாள். ஒரு தலையும் நிமிராது. சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்த பிறகுதான் அம்பாளுக்கு ஒரு அரைக் கும்பிடு கிடைக்கும்.

அந்த ரயிலைப் போட்டது மாமா. அம்மாவின் தம்பி. தாத்தாவும் ஆச்சியும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். அதனால் அம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் தென்காசிப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு ஓட்டு வீடும், எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்த இந்த மாமாவும்தான். அப்பாவுக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை, பர்மனென்ட். மாமா ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்பாவை நம்பி வந்து கான்ட்ராக்ட்டில் சேர்ந்தார். "அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆயிரும்" என்பது எங்கள் வீட்டில் வருஷா வருஷம் புதுக் காலண்டரோடு சேர்த்து மாட்டப்படும் வாசகம். நான் அதைக் கேட்டே வளர்ந்தேன்.

முதலில் ரயில் மட்டும்தான் இருந்தது. மாமா அட்டையில் ஸ்டேஷன் கட்டினார். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் நெய்வேலி என்று எழுதினார். வேலை முடிந்து வரும்போது சட்டைப் பையில் பழுப்பு நிலக்கரித் தூளைக் கொண்டுவந்து கூட்ஸ் பெட்டிகளில் நிரப்பினார். துவைக்கிற அம்மா அந்தப் பையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். எல்லாம் இருந்தும் பிளாட்பாரத்தில் ஆள் இல்லை. "ஆளில்லாத ஸ்டேஷன் என்ன ஸ்டேஷன் மருமவளே, பேய் வீடு மாதிரில்லா இருக்கு" என்று மாமாவே குறைப்பட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் அக்காள் மகளை மருமகள் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அப்போது நாலாவது படித்தேன். அவர் அப்படிக் கூப்பிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

மெட்ராஸ் போன ஒருவரிடம் சொல்லி மாமா வாங்கிவரச் செய்த பொட்டலத்தை நாங்கள் பிரித்த சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. கட்டட மாடல் செய்கிறவர்களுக்கு விற்கும் பொம்மைகள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். எல்லாம் பல் விளக்காத வெள்ளை. பொட்டலத்தை நியூஸ்பேப்பரில் கொட்டியதும் ஒரு கைப்பிடி அரிசி உருண்ட மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். கோட்டுப் போட்டவன், பாவாடையும் கைப்பையுமாக ஒரு பொம்பளை, நாயைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன், கையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன்.

"இவங்க யாரும் நம்ம ஊர்க்காரங்க இல்லையே மாமா."

"பெயின்ட் அடிச்சா எல்லாரும் நம்ம ஊர்தான்" என்றார்.

பிறகு ஆள் எடுக்கிற வேலை ஆரம்பித்தது. மாமா ஒவ்வொருவரையும் புருவ முடி பிடுங்குகிற சாமணத்தால் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வேலை போட்டுக் கொடுத்தார். கோட்டுக்காரனுக்குக் காக்கி அடித்தால் செக்யூரிட்டி. கையைத் தூக்கியவன் பஸ்ஸை நிறுத்துகிறவன். நாய்க்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இரண்டு பேரும் ரொம்ப நேரம் யோசித்தோம். கடைசியில் நாயை வெட்டி எடுத்துவிட்டு, அவன் காலடியில் பலாப்பழம் வைத்து அவனைப் பண்ருட்டி வியாபாரி ஆக்கினோம். பலாப்பழத்துக்கு நான்தான் வழி சொன்னேன்: மிளகு. அதே சொரசொரப்பு. மஞ்சளும் பச்சையும் கலந்து அடித்தபோது மாமா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அது பாராட்டு.

பெயின்ட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற எனாமல்தான். கெட்டியாக இருக்கும், தின்னர் விட்டு இளக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கும் வாயும் மூடிப்போய்க் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும். பிரஷ்ஷில் பத்து முடியை விட்டுவிட்டு மீதியை வெட்டிவிடுவார். ஒவ்வொரு ஆளையும் தீக்குச்சி முனையில் ஒட்டி, காயும் வரை உருளைக்கிழங்கில் குத்தி நிறுத்துவார். மறுநாள் சாம்பாருக்குக் கிழங்கு தேடிய அம்மா, கூடையில் ஒரு ஊரே நட்டுவைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏலே, உனக்குப் பொண்ணு பார்க்கணும்னு இருக்கேன், நீ பொம்மைக்குச் சேலை கட்டிக்கிட்டு இருக்க" என்று கத்தினாள். கத்தினாளே தவிர, அந்தப் பாவாடைக்காரிக்கு முந்தானை எந்தப் பக்கம் வரும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். டிஷ்யூ காகிதத்தைப் பசையில் நனைத்து மடிப்பு வைத்துச் சுற்றி, அதற்கு மேல் அரக்குக் கலர் அடித்தோம். அந்தப் பொம்மைதான் அம்மா. அவள் கையைப் பிடித்த குட்டி, பள்ளிக்கூட யூனிஃபார்மில், நான்.

கையில் பெட்டி வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் அப்பா ஆனார். பெட்டியைச் சாப்பாட்டுப் பை ஆக்கி, சட்டைக்கு பர்மனென்ட் ஆட்கள் போடும் நீலம் அடித்தார் மாமா. மஞ்சள் ஹெல்மெட். கடைசியில் மீசை. பிரஷ் ஆகாது, குண்டூசி முனையில் கறுப்பைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு புள்ளி. அவ்வளவுதான், அப்பா வந்துவிட்டார். எங்கள் அப்பாவுக்கு மீசை பெரிது. முகத்தில் அது ஒன்றுதான் அவர் ஆசையாக வளர்த்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தவர், "மாப்ள, என்னைய குள்ளமாக்கிட்டியே" என்று சிரித்தார்.

"நீங்க எங்க மாமா?" என்று கேட்டேன்.

அவர் ஓரமாக எடுத்து வைத்திருந்த ஒரு ஆளைக் காட்டினார். தோளில் பை, ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், எங்கேயோ நடந்துகொண்டே இருக்கிற ஆள். பெயின்ட் அடிக்கவில்லை.

"இவனுக்கு என்ன கலர்னு இன்னும் தெரியல மருமவளே. பர்மனென்ட் ஆனா உங்கப்பா நீலம். இல்லைன்னா வேற ஏதாவது. அடுத்த கொலுவுக்குப் பார்ப்போம்."

கொலுவில் வருஷம் ஒரு புதுப் பொம்மையாவது வைக்க வேண்டும் என்பது முறை. அடுத்த வருஷத்துப் புதுப் பொம்மை மாமாதான் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவரை ஒரு காலி தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினேன்.

அடுத்த வருஷம் ஆவணியில் மாமா காணாமல் போனார்.

அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அந்தத் தடவையும் பர்மனென்ட் ஆகவில்லை. கூட வேலை பார்த்த சிலருக்கு ஆயிற்று. மாமா சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ரயிலை எடுத்துத் துடைக்கலாமா என்று கேட்டால், "பிறகு" என்பார். ஒருநாள் காலையில் விருத்தாசலத்தில் ஒரு சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தோளில் பையோடு கிளம்பினார். வாசலில் நின்று, "மருமவளே, வாரேன்" என்றார். சாயங்காலம் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. அப்பா மாமாவின் போட்டோவை இருக்கிற வாட்ஸாப் குரூப்பில் எல்லாம் போட்டார். அது கடைசியில் சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டுக்கே வந்தது. அனுப்பியவர் 'யாராவது பார்த்தால் சொல்லவும்' என்று எழுதியிருந்தார்.

அப்போது அம்மா வயிற்றில் என் தம்பி இருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு தங்காமல் போயிருந்தன. டாக்டரம்மா பிரஷரைப் பார்த்துவிட்டு, நடமாட்டம் குறைய வேண்டும், எந்த அதிர்ச்சியும் கூடாது, இந்தத் தடவை ரொம்ப ஜாக்கிரதை என்று அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டேன். அம்மா கட்டிலில் கிடந்தபடி வாசலையே பார்ப்பாள். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் பேச்செடுத்தபோது, "என் தம்பி வந்துதான் வளையல் வாங்கணும். அவன் வரட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

ஒருநாள் ரயில்வே போலீசிடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. அப்பா பின்பக்கம் போய்ப் பேசினார். பிறகு உள்ளே வந்து, விருத்தாசலத்துக்கு அங்கிட்டு லைன் ஓரமாக யாரையோ எடுத்திருக்கிறார்களாம், அடையாளம் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், நிச்சயம் நம்ம பையனாக இருக்காது, ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். கூட வேலை பார்க்கிற ஒருவரோடு பைக்கில் போனார். அன்றைக்கு வரவில்லை. ஷிஃப்டுக்கு ஆள் இல்லை, அப்படியே டியூட்டிக்குப் போகிறேன் என்று போனில் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் வந்தவர் முன்வாசல் வழியாக வரவில்லை. பின்பக்கக் குழாயில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஈரத்தோடு உள்ளே வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசையைக் காணோம். மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் வெளுத்துப்போய், யாரோ வேறு வீட்டு அப்பா மாதிரி இருந்தார்.

"அவன் இல்லை. வேற யாரோ பாவம்" என்றார் அம்மாவிடம்.

"மீசை எங்கப்பா?" என்று நான் குதித்தேன்.

"சலூன்காரன் ஒரு பக்கம் ஏத்தி எடுத்துட்டான். சரி, முழுசாவே எடுடான்னுட்டேன்."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். "சோறு வச்சிருக்கு, சாப்பிடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். யாரும் அழவில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அது மாமா இல்லை என்றால் மாமா வரப்போகிறார் என்றுதானே அர்த்தம்?

புரட்டாசி வந்தது. கொலு வைக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் அத்தை கம்மாபுரம் பக்கத்துக்காரர், நல்ல மனசு, வாய்தான் கொஞ்சம் நீளம். "தேடிக்கினு இருக்கறப்ப எப்படிங்க வெக்கிறது? நாளைக்கு நாலு பேரு நாலு விதமா சொல்லிக்கினு திரிவாங்க" என்றார்.

"வீட்டுல என்ன எழவா விழுந்திருக்கு? என் தம்பி வெளியூர் போயிருக்கான். கொலு வைக்கலைன்னாதான் அது வேற மாதிரி ஆயிரும்" என்று அம்மா வெட்டிப் பேசினாள். நான் அம்மா பக்கம். கொலு இல்லாவிட்டால் ரயில் இல்லை. ரயில் இல்லாவிட்டால் மாமா வந்து என்ன பார்ப்பார்?

வருஷா வருஷம் பரணிலிருந்து படிப்பலகையை இறக்குவது அப்பாதான். அந்த வருஷம் தோள்பட்டை வலி என்று சொல்லி எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னார். பொம்மை ஒன்றைக்கூடத் தொடவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்குச் சரியாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். சுண்டல் கொடுத்தால் வாயுத் தொல்லை என்பார். ஹாலுக்குள் வர வேண்டியிருந்தால் சுவர் ஓரமாக, நனைந்த கோழி மாதிரி ஒதுங்கிப் போவார். மாமா மேல் கோபம், அதைச் சாமி மேல் காட்டுகிறார் என்று நான் நினைத்தேன். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

தண்டவாளத்தை நானே பூட்டினேன். ஸ்டேஷன் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. பிறகு தீப்பெட்டியைத் திறந்து மாமாவை எடுத்தேன். புதுப் பொம்மை வைக்க வேண்டுமே! என்ன கலர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை நாள் வராமல் இருக்கிறார் என்றால் ஏதோ பெரிய விஷயமாகத்தான் இருக்கும், பர்மனென்ட் வாங்கிக்கொண்டுதான் வருவார். மூடி இறுகிப்போயிருந்த நீல டப்பாவைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்து, தின்னர் விட்டு, உருளைக்கிழங்கில் குத்தி, அவர் செய்தது போலவே எல்லாம் செய்தேன். பைக்குப் பழுப்பு. முடிக்குக் கறுப்பு. முகம் கொஞ்சம் வழிந்துவிட்டது. ஆனாலும் மாமாதான்.

கையோடு கையாக இன்னொன்றும் செய்தேன். அப்பா பொம்மைக்கு மீசை இருந்தது. நிஜ அப்பாவுக்கு இல்லை. மாமா வந்து பார்த்தால் தப்பு என்பாரே என்று, குண்டூசி முனையில் தோல் கலரைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மீசையை மறைத்தேன்.

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவிடம் இரண்டு பேரையும் உள்ளங்கையில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். நீலச்சட்டை மாமாவைப் பார்த்து, "நல்லா இருக்குட்டி" என்றாள். அப்பாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, "அந்தக் கறுப்பை எடுத்துட்டு வா" என்றாள்.

எடுத்துவந்தேன். அதுவரை ஒரு பொம்மைக்கும் பிரஷ் தொடாத அம்மா, குண்டூசியை வாங்கி, மீசையைத் திரும்ப வைத்தாள். புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

"அப்பாவுக்குத்தான் இப்போ மீசை இல்லையேம்மா?"

"இருக்கட்டும். அப்பா பார்த்தா மனசு கஷ்டப்படுவாரு" என்றாள்.

ஒன்பது நாளும் ரயில் ஓடியது. பிள்ளைகள் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். நீலச்சட்டை மாமா பிளாட்பாரத்தில் பையோடு நடந்துகொண்டே இருந்தார். நான் வாசலுக்கும் ஹாலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். எந்த பைக் சத்தம் கேட்டாலும் மாமாதான் என்று நினைப்பு.

விஜயதசமி சாயங்காலம் கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். கொலு முடிந்தது, எல்லாரும் தூங்கப் போகலாம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எப்போதும் மரப்பாச்சி ராஜாவைத்தான் சாய்ப்பது. ஆரத்தி எடுத்துவிட்டு, அம்மா ஒரு வரி தாலாட்டுப் பாடுவாள். அந்த வருஷம் ஆரத்தி எடுத்தவள் பாடாமல் நின்றாள். நான் ராஜாவின் மேல் கையை வைத்தேன்.

"ராஜா வேண்டாம்" என்றாள் அம்மா. "மாமாவைப் படுக்க வை."

"மாமா எப்படிம்மா தூங்குவாரு? அவர் ரயிலுக்குப் போறாரு."

"போதும்ட்டி. ரொம்ப நடந்துட்டான். படுக்கட்டும்."

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் மாமாவை எடுத்து பிளாட்பார பெஞ்சில் கிடத்தினேன். அவர் நேராகப் படுக்கவில்லை. முன்னால் எடுத்து வைத்த கால் அந்தரத்தில் நின்றது, உருண்டு உருண்டு விழுந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்த அம்மா, விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைக் கிள்ளி, அந்தக் காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்தாள். இன்னொரு துணுக்கைப் பிரித்து மேலே போர்த்தினாள். முகத்தை மட்டும் மூடவில்லை.

நிமிர்ந்தால் வாசல்படியில் அப்பா. ஷிஃப்ட் முடிந்து, தோளில் சாப்பாட்டுப் பையோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ. அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா பையை அங்கேயே போட்டுவிட்டுப் பின்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் வயிறு ஏறி ஏறி இறங்கியது. தம்பி உள்ளே உதைத்தான்.

கார்த்திகையில் தம்பி பிறந்தான், குறையொன்றும் இல்லாமல். வளைகாப்புப் போடவே இல்லை. அடுத்த வருஷம் கொலுவும் இல்லை, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு முடியாது என்றார்கள். ஆடி அமாவாசைக்கு அப்பா விருத்தாசலம் ஆற்றங்கரை வரை போய்வந்தார். எதற்கென்று கேட்டதற்கு, சும்மா என்றார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எதிர்வீட்டு மாமாவின் அப்பா இறந்துபோனார். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்த அந்த மாமா, பின்பக்கக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு, மீசையில்லாமல் வந்து நின்றார். மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் அதே வெளுப்பு. நேராக வீட்டுக்கு ஓடி, அம்மாவுக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன்.

"அவரு வந்து நின்ன அன்னைக்கே தெரியும்ட்டி" என்றாள்.

"பின்ன ஏன்மா கொலு வச்சே?"

"வைக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிரும்லா. நான் தாங்க மாட்டேன், பிள்ளை தங்காதுன்னு, அந்த மனுசன் தன்னந்தனியா எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டு வந்து நின்னாரு. நான் எப்படி அழ?"

மாமா தவறி விழுந்தாரா, வேறு மாதிரியா என்று அப்பா இன்றுவரை சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கொலு இப்போதும் வைக்கிறோம். மாமாவைப் பஞ்சிலிருந்து பிரித்து பெஞ்சில் படுத்தவாக்கில்தான் வைப்பாள் அம்மா. நிற்க வைப்பதில்லை.

ஆனால் அந்த விஜயதசமி அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? பின்பக்கம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அம்மா என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள், நான் பெஞ்சில் படுத்திருந்த மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்த கவலையெல்லாம் ஒன்றுதான்: காலையில் ரயில் கிளம்பும்போது மாமாவை யார் எழுப்பிவிடுவார்கள்?